தபாலில் வந்த மாத்திரை: இங்கிலாந்தில் எச்.ஐ.வி. தடுப்பும் வர்க்கமும்

லண்டனில் தன்பால் ஈர்ப்புள்ளோர் அதிகம் கூடும் சோஹோ பகுதியில் 56 டீன் ஸ்ட்ரீட் என்று ஒரு பால்வினை நோய் சிகிச்சை மையம் இருக்கிறது. கட்டட எண்ணே அதன் பெயர். 2016இல் அங்கே புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 40 சதவீதம் குறைந்தது. பிரிட்டன் முழுவதற்குமான அரசுக் கணக்கிலும், தன்பால் ஈர்ப்பும் இருபால் ஈர்ப்பும் உள்ள ஆண்களிடையே புதிய தொற்றுகள் 3,570இலிருந்து 2,810 ஆக இறங்கின. முப்பது ஆண்டுக் காலத் தொற்றுநோய் வரலாற்றில் அப்படியொரு சரிவை அந்த நாடு கண்டதில்லை.

விந்தை என்னவென்றால், இந்தச் சரிவில் பங்கிருந்த ஒரு மருந்தை, எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கும் மாத்திரை ஒன்றை, அந்த ஆண்டு இங்கிலாந்து அரசு தர மறுத்துக்கொண்டிருந்தது. மறுத்தது மட்டுமல்ல, நீதிமன்றத்தில் வழக்கும் நடத்திக்கொண்டிருந்தது. மருந்து தபாலில் வந்தது. அதில் பெரும்பகுதி இந்தியாவில் செய்யப்பட்டது.

சரிவுக்கு மாத்திரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அடிக்கடி பரிசோதனை, தொற்று தெரிந்த கையோடு சிகிச்சை என்ற இரண்டும் அதே காலத்தில் வேகம் பிடித்திருந்தன. மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் நிபுணர்களிடையே நெடுநாள் நடந்தது. இந்த ஆய்வுக்கு வேண்டியது வேறொரு கேள்வி: தொற்று குறைந்தது யாரிடம்? லண்டனில் அதிகமாக, வெளியூர்களில் குறைவாக. வெள்ளை இனத்தவரிடம் அதிகமாக, கறுப்பின, ஆசிய ஆண்களிடம் குறைவாக. பிரிட்டனில் பிறந்தவர்களிடம் அதிகமாக, பிழைக்க வந்தவர்களிடம் குறைவாக. வரி வரியாகப் பார்த்தால் இனமும் ஊரும் தெரிகின்றன. அவற்றுக்கு அடியில் ஓடும் வர்க்கம் எந்த வரியிலும் தெரிவதில்லை. அதைத்தான் இங்கே தேடப்போகிறோம்.

மாத்திரை செய்வது என்ன

டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிடபைன் 200 மில்லிகிராம். இரண்டுமே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட மருந்துகள். தொற்று இல்லாதவர் இவற்றை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால், உடலுக்குள் புகும் கிருமி செல்லில் பெருக முடியாமல் அழிந்துவிடும். இந்த முறைக்குப் பிரெப் என்று பெயர். அமெரிக்க மருந்து நிறுவனமான கிலியட் 'ட்ருவாடா' என்ற பெயரில் விற்ற நீல நிற மாத்திரைக்கு, இந்தப் பயன்பாட்டுக்கான ஒப்புதலை அமெரிக்கா 2012 ஜூலையில் தந்தது.

இங்கிலாந்தில் 13 மையங்களில் 544 ஆண்களை வைத்து 'பிரவுட்' என்ற ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உடனே மாத்திரை, மீதிப் பேருக்கு ஓராண்டு கழித்து. 2014 அக்டோபரில், காத்திருந்தவர்களுக்கும் உடனே கொடுத்துவிடுங்கள் என்று கண்காணிப்புக் குழு சொல்லிவிட்டது. மாத்திரை எடுத்தவர்களில் 3 பேருக்குத் தொற்று, காத்திருந்தவர்களில் 20 பேருக்கு. ஆபத்து 86 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவு தெளிவான முடிவு மருத்துவ ஆய்வுகளில் அபூர்வம்.

அந்த 544 பேர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் பட்டதாரிகள். பெரும்பான்மையினர் வெள்ளையர், முழுநேர வேலையில் இருந்தவர்கள். இதை ஆய்வாளர்களின் குற்றமாகச் சொல்லவில்லை. சிகிச்சை மையத்துக்கு வழக்கமாக வருபவர்களிடமிருந்துதானே ஆள் எடுக்க முடியும்? வழக்கமாக வருபவர் யார் என்பதில்தான் வர்க்கம் முதல் முறை தலைகாட்டுகிறது.

மாத்திரைக்கு முன்பிருந்த காப்பு ஆணுறை. இங்கிலாந்தில் அது பால்வினை மையங்களில் இலவசம். ஆகவே ஆணுறை விஷயத்தில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் வித்தியாசம் இல்லை என்று நினைத்தால் தவறு. ஆணுறையின் விலை காசில் இல்லை, பேச்சில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவரின் சம்மதத்தைப் பெற வேண்டும். இரவு தங்க இடமில்லாமல் ஒருவருடைய வீட்டுக்குப் போகிறவன், கைச்செலவுக்காக உடலை விற்கிறவன், வயதிலும் அந்தஸ்திலும் மேலே இருப்பவரோடு பழகும் இருபது வயது இளைஞன் ஆகியோரால் 'ஆணுறை இல்லாமல் வேண்டாம்' என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? ஆண் ஆணோடு படுப்பதில் இரு பக்கமும் சமம் என்று வெளியே இருப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். வாடகை கொடுப்பவன் ஒருவனாகவும் ஒண்டியிருப்பவன் மற்றவனாகவும் இருக்கும்போது அந்தச் சமம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மாத்திரை இந்தக் கணக்கை மாற்றியது. காலையில் தண்ணீரோடு தனியாக விழுங்கிவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யாரும் அறியவும் வேண்டியதில்லை. பேரம் பேச வலுவில்லாதவனுக்கே இது அதிகம் உதவியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே

2012இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 2013 ஏப்ரலிலிருந்து பால்வினை மையங்களை நடத்தும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களுக்குப் போனது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கான மருந்துச் செலவோ அரசின் இலவச மருத்துவ அமைப்பான தேசிய சுகாதாரச் சேவையிடமே இருந்தது. தொற்று வந்தவனுக்கு மருந்து ஓர் அலுவலகத்தின் வேலை, வராமல் தடுப்பது இன்னோர் அலுவலகத்தின் வேலை. ஒரே மாத்திரை இரண்டுக்கும் பயன்பட்டால்?

2014இலிருந்து பதினெட்டு மாதம் பணிக்குழுக் கூட்டங்கள் நடத்திய பிறகு, 2016 மார்ச் 21 அன்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை அறிவித்தது: தடுப்பு எங்கள் வேலை அல்ல. ஆறுதலாக, மிக அதிக ஆபத்தில் இருக்கும் 500 ஆண்களுக்கு மட்டும் சோதனை முறையில் மாத்திரை தர இரண்டாண்டுக்கு 20 லட்சம் பவுண்ட். முந்தைய ஆண்டில்தான் உள்ளாட்சிகளின் பொதுச் சுகாதார மானியத்திலிருந்து நடு ஆண்டில் 20 கோடி பவுண்டை அரசு வெட்டியிருந்தது. பணமில்லாதவனைப் பார்த்து 'நீ கொடு' என்று சொன்ன கதைதான்.

தேசிய எய்ட்ஸ் அறக்கட்டளை வழக்குத் தொடர்ந்தது. 2016 ஆகஸ்ட் 2இல் உயர் நீதிமன்ற நீதிபதி கிரீன், சுகாதாரச் சேவைக்கு இந்த மருந்தை வாங்கித் தரும் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தார். மறுநாள் ஒரு பெரிய நாளிதழ், கண்புரை அறுவைக்குக் காசில்லை, 'வாழ்க்கை முறை' மருந்துக்குக் காசா என்ற தொனியில் முதல் பக்கத்தில் கொதித்தது. மேல்முறையீடும் நவம்பர் 10இல் தோற்றது.

வழக்கு நடந்த மாதங்களிலும் ஆண்கள் காதலித்தார்கள், சந்தித்தார்கள், படுத்தார்கள். தீர்ப்பு வரும்வரை கிருமி ஒத்திவைக்கப்படுவதில்லை.

வீடில்லாதவர் கட்டிய பாலம்

கிரெக் ஓவன் வட அயர்லாந்தில் பிறந்தவர். லண்டனில் மதுக்கூடங்களில் வேலை பார்த்தார். 2015இல் சொந்தமாக அறைகூட இல்லாமல் நண்பர்களின் சோபாக்களில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் நண்பர் ஒருவரிடமிருந்து கிடைத்த மாத்திரைகளோடு பிரெப் தொடங்க எண்ணி, முறைப்படி முதலில் பரிசோதனைக்குப் போனார். தொற்று ஏற்கெனவே இருந்தது. அதை அவர் முகநூலில் வெளிப்படையாக எழுத, இந்த மாத்திரை என்ன, எங்கே கிடைக்கும் என்று கேள்விகள் வந்து குவிந்தன. அலெக்ஸ் கிராடாக் என்ற நண்பரோடு சேர்ந்து அக்டோபரில் ஓர் இணையதளம் தொடங்கினார். எந்த வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கலாம், வாங்குமுன் என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும், எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவை அதில் இருந்தன. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க பிரிட்டன் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கதவு வழியேதான் பார்சல்கள் வந்தன.

வந்த சரக்கு போலியாக இருந்தால்? லண்டனின் இன்னொரு பால்வினை மையமான மார்டிமர் மார்க்கெட் மையத்தின் மருத்துவர் மேக்ஸ் போர்ட்மன் போன்றவர்கள் துணிந்து முன்வந்தார்கள். வாங்கிச் சாப்பிடுகிறவர்களை விரட்டாமல் சிறுநீரகப் பரிசோதனை செய்தார்கள். டீன் ஸ்ட்ரீட்டில் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தபோது சரக்கு நல்ல சரக்கு என்று உறுதியானது. ஒரு மதுக்கூடப் பணியாளரும் சில மருத்துவர்களும் சேர்ந்து, ஓர் அரசு செய்யாததைச் செய்தார்கள். அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் ஏறியவர்கள் யார் என்று பார்த்தாக வேண்டும்.

சுகாதாரச் சேவையின் விலைப்பட்டியலில் 30 ட்ருவாடா மாத்திரைகள் 355 பவுண்டுக்கு மேல். இணையத்தில் வாங்கிய இந்தியச் சரக்கு மாதத்துக்குச் சுமார் 45 பவுண்ட். எட்டில் ஒரு பங்கு. 'ஒரு வார இறுதியில் குடிக்கும் காசு' என்று அப்போது சாதாரணமாகச் சொன்னவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2016 ஏப்ரலில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.20 பவுண்ட். 21 முதல் 24 வயது வரை 6.70. இருபத்துமூன்று வயது மதுக்கூடப் பணியாளருக்கு ஒரு மாத மாத்திரை ஏறக்குறைய ஏழு மணி நேர உழைப்பு, அதாவது ஒரு நாள் வேலை. மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் இருபது மணி நேரக் கூலியை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பதே வெள்ளிக்கிழமை வரை தெரியாத ஒப்பந்தத்தில் இருப்பவன் எதை எடுத்துவைப்பான்?

காசு முதல் படி மட்டுமே. வெளிநாட்டுக் கடையில் செல்லும் வங்கி அட்டை வேண்டும். பார்சல் வந்து சேர ஒரு முகவரி வேண்டும். ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை வீட்டில், அப்பா அம்மாவோடு இருக்கும் வீட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக மனைவி இருக்கும் வீட்டில், சுங்க முத்திரையோடு வரும் மருந்துப் பெட்டியை யார் பிரிப்பார்கள்? இருபால் ஈர்ப்புள்ள ஆண்கள் இந்தக் கதையில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த இடத்தில்தான். அலுவலக முகவரிக்கு வரவழைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கு மேசையும் நாற்காலியும் உள்ள அலுவலகம் இருந்தது. கிடங்கில் பெட்டி தூக்குகிறவனுக்கு மேலாளரின் கையைத் தாண்டித்தான் எதுவும் வரும்.

பிறகு பரிசோதனை. மூன்று மாதத்துக்கொரு முறை எச்.ஐ.வி.க்கும் மற்ற பால்வினை நோய்களுக்கும், இடையிடையே சிறுநீரகத்துக்கும். இலவசம்தான். ஆனால் மையம் திறந்திருக்கும் நேரம் பெரும்பாலும் வேலை நேரம். மாதச் சம்பளக்காரர் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக் கிளம்பிவிடுவார். மணிக்கணக்குக் கூலிக்காரர் அந்த நேரத்துக் கூலியை இழப்பார், அடுத்த வாரப் பட்டியலில் பெயரையும் இழக்கக்கூடும்.

கடைசியாகச் செய்தி. மாத்திரை இருக்கிறது என்ற செய்தியே நண்பர் வட்டங்களின் வழியாகத்தான் பரவியது. சோஹோவில் புழங்குபவர், முகநூலில் சரியான குழுவில் இருப்பவர், மருத்துவக் கட்டுரையை எடுத்துப் படித்துப் புரிந்துகொள்பவர் ஆகியோருக்கு முதலில் எட்டியது. பிரிட்டனில் 1990களிலிருந்து நடந்துவரும் தன்பால் ஈர்ப்பு ஆண்களுக்கான கணக்கெடுப்புகள், பள்ளிப் படிப்போடு நின்றவர்களை எச்.ஐ.வி. தடுப்புத் தகவல்கள் குறைவாகவே சென்றடைகின்றன என்று திரும்பத் திரும்பக் காட்டிவந்தன. மாத்திரையும் அதே தடத்தில் ஓடியது. விளம்பரமோ அரசு அறிவிப்போ இல்லாத நிலையில் வேறு எந்தத் தடத்தில் ஓடும்?

ஃபிரான்சில் நடந்த 'இப்பர்கே' ஆய்வு, தினமும் எடுக்காமல் உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன் இரண்டு மாத்திரை, பிறகு நாளொன்றுக்கு ஒன்றாக இரண்டு நாள் எடுத்தாலும் போதும் என்று 2015இல் காட்டியது. செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதைச் சரியாகப் பின்பற்ற, எப்போது உறவு நேரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். திட்டமிட்டு வாழ முடிந்தவனுக்குத்தான் இந்தச் சிக்கனம்.

ஓவனும் நண்பர்களும் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. குறைந்த வருமானக்காரர்களுக்கு மாத்திரையை இலவசமாகத் தர எச்.ஐ.வி. தொண்டு அமைப்பான டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளை நிதி ஒன்றை ஏற்படுத்தியது. நல்ல முயற்சி. அளவில் சிறியது.

சென்னை வழியாக ஒரு கிளை

அந்த 45 பவுண்ட் விலை வானத்திலிருந்து விழவில்லை. டெனோஃபோவிருக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு கிலியட் விண்ணப்பித்திருந்தது. 2006இல் அதை எதிர்த்து மனு போட்டவர்களில் தில்லியின் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்தியக் கூட்டமைப்பும் இருந்தன. இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவும் எதிர்த்தது. 2009இல் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் மாத்திரையை மலிவாகச் செய்து விற்க முடிந்தது. லண்டனுக்குப் பார்சலில் போன மாத்திரைகளில் முக்கியமானது சிப்லாவின் 'டென்விர்-இஎம்'.

அந்த மனுவைப் போட்டவர்கள் தங்கள் சொந்தச் சிகிச்சைக்காகப் போராடினார்கள், லண்டன் ஆண்களுக்காக அல்ல. பெரும்பாலும் வசதியற்றவர்கள். அவர்கள் தட்டிக் கீழே இறக்கிய விலையில், ஏழாண்டு கழித்து, உலகின் பணக்கார நகரங்களில் ஒன்றில் அட்டையும் முகவரியும் உள்ளவர்கள் பாதுகாப்பை வாங்கினார்கள். இந்தத் தொடர்பை இங்கிலாந்தில் பேசப்பட்ட கதையில் நான் அதிகம் பார்த்ததில்லை. 'இந்திய ஜெனரிக்', அதாவது இந்திய நகல் மருந்து, என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும்.

பத்தாயிரம் இடங்கள்

வழக்கில் தோற்ற பிறகும் சுகாதாரச் சேவை கதவை முழுவதுமாகத் திறக்கவில்லை. 2017 அக்டோபரில் மூன்றாண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. 10,000 இடங்கள். மருந்து வேலை செய்யும் என்று உலகுக்கே தெரிந்த பிறகு எதற்கு ஆய்வு என்று கேட்டவர்களுக்கு, எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று அறிய, என்றார்கள். தேவையை அறிய வந்த ஆய்வுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தால் தேவை எப்படித் தெரியும்?

ஸ்காட்லாந்து அதே ஆண்டு ஜூலையில் தகுதியுள்ள எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. வேல்ஸ் ஆய்வு என்ற பெயரில்தான் செய்தது, ஆனால் வரம்பு வைக்கவில்லை. எல்லைக்கு அப்பால் கேட்டால் கிடைத்ததற்கு இங்கிலாந்தில் வரிசை.

வரிசை என்று வந்துவிட்டால் முன்னால் நிற்கத் தெரிந்தவர்கள் முன்னால் நிற்பார்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மையமும் தெரியும், மருத்துவரும் தெரியும், இடம் திறக்கும் நாளும் தெரியும். அவர்கள் இலவசத்துக்கு மாறியதில் தவறில்லை, அவர்களுக்கும் உரிமை உண்டு. லண்டனின் பெரிய மையங்களில் ஆண்களுக்கான இடங்கள் விரைவில் நிறைந்தன. 13,000 ஆக்கினார்கள், பிறகு 26,000. 2019இல் தொண்டு அமைப்புகள் திரட்டிய விவரங்களின்படி, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. காசுள்ளவர் காத்திருந்த காலத்தில் தபாலில் வாங்கிக்கொண்டார். இல்லாதவர் காத்திருக்க மட்டுமே செய்தார்.

2018இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து ட்ருவாடாவின் நீட்டிக்கப்பட்ட காப்புரிமை பிரிட்டனிலும் விழுந்தது. மருத்துவமனைகளுக்கான விலை சரிந்தது. செலவு என்ற வாதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. 2020 அக்டோபரில்தான் இங்கிலாந்தில் மாத்திரை வழக்கமான சேவையாக மாறியது. பிரவுட் ஆய்வுக் குழு 'எல்லோருக்கும் கொடுங்கள்' என்று சொல்லி ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

படிவத்தில் இல்லாத கேள்வி

இங்கிலாந்தின் அந்த மூன்றாண்டு ஆய்வில் சேர்ந்தவர்கள் 24,000க்கும் மேல். பெரும்பாலோர் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் வெள்ளையர். அதன் பிறகான ஆண்டறிக்கைகளிலும் பழைய கோலமே தொடர்கிறது. 2022இல் வெள்ளை இன ஆண்களிடையே புதிய தொற்று குறைய, கறுப்பின, ஆசிய ஆண்களிடையே கூடியது. இளையவர்களிடம் மாத்திரை போதுமான அளவு சேரவில்லை.

வர்க்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதலாமே என்று தேடினால் புள்ளிவிவரத்தில் பிடி கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் பால்வினை மையங்கள் அரசுக்கு அனுப்பும் தரவில் வயது, பாலினம், இனம், பிறந்த நாடு, பாலீர்ப்பு, வசிக்கும் பகுதி எல்லாம் இருக்கின்றன. என்ன வேலை செய்கிறார், எதுவரை படித்தார் என்பது இல்லை. பகுதியை வைத்து ஏழைப் பகுதியா, பணக்காரப் பகுதியா என்று ஊகிக்கிறார்கள். லண்டனில் ஒரே தெருவில் கோடி பவுண்ட் வீடும் நகராட்சிக் குடியிருப்பும் எதிரெதிரே நிற்கும். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் விதத்திலிருந்தே ஒருவருடைய வர்க்கத்தைச் சொல்லிவிடும் நாடு, நோய்த் தரவில் மட்டும் அதைக் கேட்க வெட்கப்படுகிறது.

கேட்காததன் விளைவு, இனத்தின் மீதும் பண்பாட்டின் மீதும் எல்லாச் சுமையும் ஏறுகிறது. கறுப்பின ஆண்களிடம் மாத்திரை சேரவில்லை என்றால் உடனே 'அவர்கள் சமூகத்தில் கூச்சம் அதிகம்' என்ற விளக்கம் வரும். கூச்சமும் இருக்கலாம். இரவுக் காவல் வேலை முடித்துப் பகலில் தூங்கும் ஒருவர், காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் இடையில் மட்டும் திறந்திருக்கும் மையத்துக்குப் போகாததற்குக் கூச்சம் தேவையில்லை.

மாற்றுவதற்கு உரியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. படிவத்தில் வேலை பற்றிய கேள்வி ஒன்று. மாலையிலும் சனிக்கிழமையிலும் திறந்திருக்கும் மையம். மிக முக்கியமாக, தெருமுனை மருந்துக் கடையிலும் குடும்ப மருத்துவரிடமும் மாத்திரை கிடைப்பது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் அங்கே போகிறவர், இதற்கு மட்டும் பெயர்ப்பலகையே விஷயத்தைச் சொல்லிவிடும் ஒரு கட்டடத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் வெளியான அரசின் எச்.ஐ.வி. செயல்திட்டம், மையங்களுக்கு வெளியேயும் பிரெப் கிடைக்க வேண்டும் என்று எழுதியது. ஆனால் இலவச மாத்திரை வேண்டுபவர் அதன் பின்னும் பால்வினை மையத்தின் முன்பதிவையே நம்பியிருந்தார், பல இடங்களில் அதற்கே வாரக்கணக்கில் காத்திருந்தார்.